மரத்தை மீண்டும் அளக்கப் போகிறவர் யார்?

புகைமூட்டம் என்றால் என்ன என்று பினாங்கு வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஜோர்ஜ்டவுனிலிருந்து பார்த்தால் கொடிமலை தெரியாது. பாலத்தின் மறுமுனை மறைந்துவிடும். கடைகளில் முகக்கவரி தீர்ந்துபோகும். 2019 செப்டம்பரில் பினாங்கு உட்படப் பல மாநிலங்களில் பள்ளிகளையே மூட வேண்டியதாயிற்று. பிறகு மழை வந்தது, புகை கலைந்தது, அதைப் பற்றிய பேச்சும் அடங்கியது. எரிந்த காடு என்ன ஆயிற்று என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்கு விடை தேடுவதும் ஒரு வேலைதான். அதைச் செய்பவர் பெரும்பாலும் பேராசிரியர் அல்லர், ஆய்வு உதவியாளர். ஆய்வின் கேள்வியை அமைப்பவர் பேராசிரியர். ஆனால், அட்டையும் நாடாவும் எடுத்துக்கொண்டு சேற்றில் இறங்கி, மரத்துக்கு மரம் போய் அளந்து வருபவர் உதவியாளர். நானும் சில ஆண்டுகள் அந்த வேலையில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எரிந்த காடு மீள்கிறதா என்பதை உண்மையிலேயே அறிய விரும்பினால், இந்த உதவியாளர்களை இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

காரணத்தைச் சொல்வதற்கு முன், நம் வட்டாரத்தில் எரிவது எது என்று பார்ப்போம். கடும் புகைக்கு முக்கிய மூலம் மரங்கள் அல்ல, மண். மலாயில் தானா காம்புட் என்று சொல்லப்படும் கரிநிலம் அது. நீரில் மூழ்கி மட்காமல் கிடக்கும் இலை, கிளை, வேர் எல்லாம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் கணக்கில் சேர்ந்து உருவானது. அப்படிப் பார்த்தால் ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டுகள் ஆகும். கால்வாய் வெட்டி நீரை வடித்துவிட்டால் அந்த மண்ணே விறகாகிவிடும். நெருப்பு தரைக்கு அடியில் கனன்றுகொண்டே போகும். வேர் எரிந்த மரம், இலை கருகாமலே சாயும்.

1997-ஆம் ஆண்டு இந்தோனேசியத் தீயில் இப்படி எவ்வளவு கரிமம் காற்றில் கலந்தது என்று அறிவியலாளர்கள் கணக்கிட்டு, 2002-இல் வெளியிட்டார்கள். உலகம் முழுவதும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரிப்பதால் ஓர் ஆண்டில் சராசரியாக வெளியாகும் கரிமத்தில் 13 முதல் 40 விழுக்காட்டுக்குச் சமம் என்பது அவர்கள் கண்ட விடை. 13 எங்கே, 40 எங்கே? எரிந்த ஆழத்தைத் தரையில் இறங்கி அளந்தது மத்திய கலிமந்தானின் ஒரு பகுதியில்தான். அங்கே சராசரியாக அரை மீட்டர் மண் எரிந்திருந்தது. நாடு முழுவதற்குமான கணக்கு அதிலிருந்து விரித்துப் போடப்பட்டது. அளவுகோலுடன் சென்றவர்கள் இன்னும் பல இடங்களுக்குப் போயிருந்தால், அந்தக் கணக்கு இன்னும் உறுதியாக இருந்திருக்கும்.

இனி அந்த வேலைக்கு வருவோம். ஆய்வு நிலத்தைக் கயிறு கட்டிச் சதுரங்களாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு மரத்திலும் எண் பொறித்த அலுமினியத் தகடு தொங்கும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் பருமனை அளக்கிறோம். பலகை வேர் உள்ள மரமானால் அதற்கு மேலே போய் அளக்க வேண்டும். பட்டை எந்த உயரம் வரை கருகியிருக்கிறது, அடியில் துளிர் இருக்கிறதா, சுற்றிலும் எந்த மரத்தின் கன்றுகள் முளைத்திருக்கின்றன என்று குறிக்கிறோம். கரிநிலமானால், துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை மண்ணில் இறக்கி, நிலத்தடி நீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று பார்க்கிறோம். அடுத்த முறை வந்து, அதே மரத்தை அதே இடத்தில் மீண்டும் அளக்கிறோம்.

இதில் முக்கியமானது அந்த ‘மீண்டும்’தான். மழைக்காட்டு மரங்களில் பலவற்றுக்குப் பட்டை மெல்லியது. முழங்கால் உயரத் தீகூட உள்ளே இருக்கும் உயிர்த்திசுவைக் கொன்றுவிடும். ஆனால், மரம் உடனே சாகாது. அமேசான் காட்டில் தீ கடந்த ஓராண்டில் உயிரோடு நின்ற பெரிய மரங்கள் பல, மூன்றாண்டுக்குப் பிறகு அளக்கப் போனபோது இறந்திருந்தன. முதலாண்டோடு நிறுத்தியிருந்தால், ‘பெரிய மரங்கள் தப்பின’ என்று எழுதியிருப்பார்கள். இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். இலையுதிர் காட்டில் கருகிய தண்டைப் பார்த்துவிட்டு ‘இறந்தது’ என்று எழுதினால், மழைக்குப் பின் அதன் அடியிலிருந்து புதுத்தண்டு கிளம்பியிருக்கும். ஒருமுறை மட்டும் போகிறவருக்குக் காடு இப்படி இரண்டு விதமாகவும் பொய் சொல்லும்.

ஆராய்ச்சி நிதி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் வருகிறது. காடு மீளப் பல பத்தாண்டுகள் ஆகும். நான் வேலை செய்த திட்டமும் அப்படித்தான் முடிந்தது. மூன்றாம் அளவீட்டுக்கு நாள் குறித்திருந்தோம். அதற்குள் நிதி தீர்ந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. குறிப்பேடுகளைப் பெட்டியில் கட்டி ஒப்படைத்தேன். எந்தத் தகடு உதிர்ந்தது, எந்த மரத்தில் தேன்கூடு இருந்ததால் அளவைத் தள்ளி எடுத்தோம், எந்தக் குழாய் சாய்ந்துபோனது என்பதெல்லாம் அந்தப் பெட்டியில் இல்லை. அவை என் தலையிலும் என்னோடு வேலை செய்த இருவர் தலையிலும் இருந்தன. இப்போது ஒருவர் தொழிற்சாலையில், ஒருவர் லோரி ஓட்டுகிறார். அந்த நிலத்தை மீண்டும் அளக்க யாராவது போனால், ஒன்றாம் எண்ணிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

‘துணைக்கோளும் டிரோனும் இருக்கும்போது சேற்றில் ஆள் எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. எங்கே எரிகிறது, எவ்வளவு பரப்பு எரிந்தது என்பதைத் துணைக்கோள் நம்மைவிட வேகமாகச் சொல்லும், மறுக்கவில்லை. ஆனால், எரிந்த நிலம் இரண்டே ஆண்டில் மேலிருந்து பார்க்கப் பச்சையாகிவிடும். அந்தப் பச்சை லாலாங் புல்லா, பெரணியா, மஹாங் மரமா, அல்லது அவற்றின் நிழலில் மெராந்திக் கன்று எழுந்திருக்கிறதா என்பதைக் குனிந்து பார்க்கிறவர்தான் சொல்ல முடியும். படத்தில் தெரிவது சரிதானா என்று சோதிப்பதற்கும் அவர் எழுதிய அட்டைதான் வேண்டும்.

நீண்டகாலம் தொடர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது. நீலகிரி மாவட்டம் முதுமலையில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரின் குழு 1988-இல் 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் பருமன் உள்ள தண்டு முதல் எல்லாவற்றுக்கும் எண் கொடுத்தது. எந்த ஆண்டு எந்தப் பகுதி எரிந்தது என்றும் பதிவு செய்து வந்தது. தீயில் அதிகம் சாவது சிறு தண்டுகள்தான் என்பதும், மழை குறைந்த ஆண்டின் அடி பெரிய மரங்களில் சில ஆண்டுகள் கழித்தே தெரியும் என்பதும் இப்படித்தான் தெரிய வந்தன. அந்த ஆய்வுக்கட்டுரைகளில் எச்.எஸ். சுரேஷ், எச்.எஸ். தத்தராஜா ஆகியோரின் பெயர்கள் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். அதே நிலத்துக்கு அதே ஆட்கள் திரும்பிப் போனதன் பலன் அது.

நம் நாட்டிலும் இது நடக்காததல்ல. நெகிரி செம்பிலானில் உள்ள பாசோ காட்டில் மலேசிய வன ஆய்வுக் கழகம் 1980-களிலிருந்து 50 ஹெக்டேரை அளந்து வருகிறது. 800-க்கும் மேற்பட்ட மர இனங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன. தீ படாத காடு எப்படி வளர்கிறது, எப்படிச் சாகிறது என்பதற்கு அதுவே நம்மிடம் உள்ள அடிப்படை. சிலாங்கூரின் ராஜா மூசா வனக்காப்பகத்தில் எரிந்த கரிநிலத்தை மீட்க, 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் கால்வாய்களை அடைத்து, மரம் நட்டு வருகின்றன. நடுவதற்குத் தொண்டர்கள் திரளாக வருகிறார்கள், பாராட்ட வேண்டியதுதான். நட்டது பிழைத்ததா என்று பத்தாவது ஆண்டில் எண்ணிப் பார்ப்பதற்குத் தொண்டர் கூட்டம் வராது. அதற்குச் சம்பளம் வாங்கும் ஆள் வேண்டும்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறேன். முதலாவது, நீண்டகால ஆய்வு நிலம் ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு நிரந்தரக் கள உதவியாளர் பணியிடங்கள் வேண்டும். அவர்களின் சம்பளம் திட்ட நிதியைச் சாராமல், நிறுவனத்தின் ஆண்டுச் செலவுக் கணக்கிலேயே இருக்க வேண்டும். இரண்டாவது, அளந்தவர் பெயர் ஆய்வுக்கட்டுரையில் இடம்பெற வேண்டும். நன்றியுரையில் ‘களப்பணியாளர்கள்’ என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்வது போதாது. மூன்றாவது, இதைப் பினாங்கிலேயே தொடங்கலாம். 2021-இல் யுனெஸ்கோ கொடிமலை உயிர்க்கோளக் காப்பகத்தை அங்கீகரித்தது. கடலும் நிலமுமாக 12,481 ஹெக்டேர் அது. ஆண்டுத் தொடக்கத்து வறட்சியில் இந்தத் தீவின் மலைச்சரிவுகளிலும் புதர்த்தீ மூள்வதை நாம் பார்த்திருக்கிறோம். எரிந்த சரிவு ஒன்றில் இன்றே தகடு மாட்டினால், இன்று ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளை நாற்பது வயதில் அதன் விடையைப் படிப்பார். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இதே தீவில்தான் இருக்கிறது. ஆள் எடுக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. அறிவியல் படித்தால் மருத்துவர், இல்லையேல் பொறியாளர் என்று நம் வீடுகளில் இன்னும் பேசுகிறோம். மரத்தின் பெயரைப் பட்டையைத் தொட்டே சொல்லத் தெரிந்த ஒருவர், அந்த அறிவைப் பெறப் பத்தாண்டு எடுத்துக்கொள்கிறார். ஒப்பந்தம் முடிந்து அவரை வீட்டுக்கு அனுப்பும்போது அந்தப் பத்தாண்டையும் சேர்த்துத்தான் அனுப்பிவிடுகிறோம். அடுத்த புகைமூட்டம் வரும், அதில் ஐயமில்லை. அதற்குள் அளக்க ஆள் வைத்திருப்போமா என்பதுதான் கேள்வி.