நான்காவது மாத்திரைக்கு முன் ஓர் உண்மை



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசலில் அமர்ந்திருக்கும் பெரியவர்களின் பேச்சில், ஆற்றில் தண்ணீர் வந்ததா என்பதற்கு அடுத்தபடியாக இடம்பெறுவது இரத்த அழுத்தம். "மூன்று மாத்திரை போட்டும் குறையவில்லை, உங்களுக்குக் கேட்ட மாத்திரை எது?" என்று ஒருவர் வினவ, மற்றவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுகிறார். அன்பினால் செய்வதுதான், ஆயினும் ஆபத்தானது.

மூன்று மருந்துகளுக்கும் அடங்காத இரத்த அழுத்தத்திற்கு நான்காவதாக எதைச் சேர்ப்பது என்பதைப் பிரிட்டனில் ஆராய்ந்து 2015இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பாத்வே-2 என்பது அவ்வாய்வின் பெயர். 335 பேர் கலந்துகொண்டனர். ஸ்பைரனோலாக்டோன், பிசோப்ரொலால், டாக்சாசோசின், மருந்தற்ற வெற்று மாத்திரை ஆகியவை 12 வாரங்களுக்கு ஒன்றாக மாற்றி மாற்றித் தரப்பட்டன. வெற்று மாத்திரையைவிட ஸ்பைரனோலாக்டோன் மேல் அளவைச் சுமார் 9 புள்ளிகள் கூடுதலாகக் குறைத்தது. மற்ற இரண்டின் பயன் அதில் ஏறத்தாழப் பாதியே.

அப்படியானால் அதையே வாங்கி உண்ணலாமா? கூடாது. அது இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடியது. சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அவ்வுயர்வு இதயத்துடிப்பையே குலைத்துவிடும். வாழைப்பழமும் இளநீரும் தாராளமாகக் கிடைக்கும் நம் காவிரிக் கரையில் இதனை மறக்கலாகாது. இரத்தப் பரிசோதனை இன்றியமையாதது. பிசோப்ரொலால் ஆஸ்துமா உள்ளவருக்கு ஒவ்வாமல் போகலாம். டாக்சாசோசின் எடுப்பவருக்கு ஸஜ்தாவிலிருந்து எழும்போது தலைசுற்றலாம். எது யாருக்கு என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

அதனினும் முக்கியமான ஒன்றுண்டு. தரப்பட்ட மருந்தை ஒழுங்காக உட்கொள்ளாதவர் எனத் தெரிந்தோரை அவ்வாய்வில் சேர்க்கவில்லை. நான்காவது மாத்திரை பற்றிய கேள்வியே, மூன்றையும் முறையாக உட்கொண்டவருக்கு உரியது. நம் நிலை என்ன? 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. ஆனால், தலைவலி இல்லையென்றால் அன்றைக்கு மாத்திரையும் இல்லை என்போர் நம்மிடையே பலர். கருவாடும் ஊறுகாயும் குறைவதில்லை. மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பல இரத்த அழுத்தத்தை ஏற்றுபவை என்பதும் பலருக்குத் தெரியாது. ரமளானில் பகல் மாத்திரையை மருத்துவரிடம் கேளாமலே விட்டுவிடுகிறோம்.

"ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், தயங்காமல் "ஆமாம்" என்கிறோம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் அளவைக் கூட்டுகிறார். புதிய மருந்தைச் சேர்க்கிறார். வணிகத்தில் பொய் கூடாதென்று பிள்ளைகளுக்குப் போதிக்கும் நாம், மருத்துவர் முன் மட்டும் அதனைச் சிறிதாகக் கருதலாமா? உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களும் அறிவுறுத்தியுள்ளார்கள். மருந்து உண்பது தவக்குலுக்கு முரணன்று.

எனவே அடுத்த முறை செல்லும்போது, வலி மாத்திரை உட்பட வீட்டிலுள்ள அட்டைகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். விட்ட நாட்களை மறைக்காமல் சொல்லுங்கள். நோன்புக்கால மாற்றத்தை ரமளானுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பெற்றோருடன் பிள்ளைகளில் ஒருவரேனும் உடன் செல்லுங்கள்.

நோயிலும் உண்மை பேசும் நல்லடியார்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.