கூர்மையான பரிசோதனை எல்லோருக்கும் கிட்டட்டும்!

மில் இயந்திரத்தில் கை சிக்கிய தொழிலாளிக்கும், பிரசவத்தில் உதிரம் பெருகிய விவசாயக் கூலிப் பெண்ணுக்கும் உயிர் கொடுப்பது முன்பின் தெரியாத ஒருவருடைய ரத்தம். அதில் எச்.ஐ.வி. கிருமி இல்லையென்று நமக்கு உறுதி கூறுவது ஒரு பரிசோதனை. அது எவ்வளவு கூர்மையானது என்பது டாக்டர்களுக்கு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயமல்ல. நம் எல்லோருடைய விஷயம்.

கிருமி புகுந்ததும் அதை எதிர்க்க உடல் ஒருவகைப் பொருளை உண்டாக்குகிறது. இதுவே எதிர்ப்பொருள். 'எலிஸா' பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, இந்த எதிர்ப்பொருளையே. 1985 மார்ச்சில் அமெரிக்காவில் முதல் பரிசோதனைக்கு லைசென்ஸ் கிடைத்தது. மறு ஆண்டே, சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் முயன்று சேகரித்த ரத்தத்தை வேலூரில் சோதித்தபோது, இந்நோய் இந்தியாவிலும் உண்டென்று முதன்முதலாகத் தெரிந்தது.

ஆனால், எதிர்ப்பொருள் போதிய அளவு சேர நாள் பிடிக்கும். அதுவரை பரிசோதனை "இல்லை" என்றே சொல்லும். ரத்தமோ நோயைப் பரப்பும். இந்த இருட்டு நாட்களைக் குறைக்கவே விஞ்ஞானிகள் இத்தனை ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறார்கள். முதலில் கிருமியை வளர்த்து, நொறுக்கி, அந்தச் சரக்கைக் கொண்டே எதிர்ப்பொருளைப் பிடித்தார்கள். அதிலிருந்த கலப்பினால் நோயற்றவருக்கும் நோயென்று முடிவு வந்ததுண்டு. பிறகு வேண்டிய புரதத்தை மட்டும் தனியே தயாரித்தார்கள். அடுத்து, ஆரம்பத்தில் தோன்றும் எதிர்ப்பொருளையும் பிடிக்கும் முறை வந்தது. அதன் பின், கிருமியின் பி24 என்ற புரதத்தையும் சேர்த்துத் தேடும் முறை வந்தது.

எதிர்ப்பொருளை மட்டும் தேடும் பரிசோதனைக்கு நோய் தெரிய 23 முதல் 90 நாள் ஆகும். பி24-ஐயும் சேர்த்து லாபரட்டரியில் தேடினால் 18 முதல் 45 நாள். கிருமியின் மரபுப் பொருளையே தேடும் 'நாட்' பரிசோதனைக்கு 10 முதல் 33 நாள். முதல் நாளே கண்டுபிடிக்கும் பரிசோதனை எதுவுமில்லை. ஆகவேதான் ரத்தத்தை விலைக்கு விற்பதைச் சுப்ரீம் கோர்ட் 1996-இல் அளித்த தீர்ப்பு, 1998 முதல் தடை செய்தது. வறுமையால் ரத்தம் விற்பவர் நோயை மறைக்கவே நிர்ப்பந்திக்கப்படுவார் அல்லவா?

கருவி மட்டும் கூர்மையாயிருந்தால் போதாது. 2018 டிசம்பரில், சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு இக்கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது அம்பலமாயிற்று. ஏழைப் பெண் நம்பி வரும் இடத்தில் அசட்டைக்கு இடமேது?

சர்க்காரைக் கோருகிறோம்: சிறந்த பரிசோதனை பணம் படைத்தவரின் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடக் கூடாது. சர்க்கார் ரத்த பாங்குகள் அனைத்திலும் அது நடக்கட்டும். பயிற்சி பெற்ற ஊழியர்களைப் போதிய அளவில் நியமியுங்கள்.

தோழர்களுக்குச் சொல்கிறோம்: சந்தேகமிருந்தால் நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக் கொள்ளுங்கள். முதல் முடிவு "இல்லை" என்று வந்தாலும் 90 நாள் கழித்து மறுபடி பாருங்கள். சோதித்துக் கொள்வதற்காக ரத்ததானம் செய்யாதீர்கள். நோய் இருப்பதாகத் தெரிந்தவரை வேலையில் பாகுபடுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அவரை ஒதுக்காதீர்கள், அவரும் நம் தோழரே.