திட்டுறதை அப்புறம் வச்சுக்குங்க

கொஞ்சம் கோவமாத்தான் எழுதறேன், பொறுத்துக்குங்க.

போன மாசம் இங்க புனேயில எங்க கிளைக்கு ஒரு தமிழ் அம்மா வந்தாங்க. ஆன்லைன்ல வாங்கின புடவை கிழிஞ்சு வந்திருக்கு. பணத்தைத் திரும்பக் கேக்க கூகுள்ல கஸ்டமர் கேர் நம்பர் தேடியிருக்காங்க. சிக்கினது திருடனோட நம்பர். அவன் பேசினது சுத்தத் தமிழ். இந்தியில தட்டுத் தடுமாறிக் குடும்பம் நடத்துற நமக்கு, "சொல்லுங்கம்மா"ன்னு ஒரு குரல் கேட்டா போதாதா? அவன் சொன்ன ஆப்பைப் போன்ல ஏத்தினாங்க. திரையில வர்றது எல்லாம் அவனுக்கும் தெரிஞ்சது, ஓடிபி உட்பட. வெள்ளிக்கிழமை 24 ஆயிரம் போச்சு. சனிக்கிழமை இன்னொரு 18 ஆயிரம்.

எங்ககிட்ட வந்தது புதன்கிழமை.

"ஏம்மா இவ்வளவு லேட்டு?"

"வீட்டுல திட்டுவாங்க சார்."

திருடன் மேல வந்த கோவத்தை விட இந்தப் பதில் மேல வந்த கோவம்தான் எனக்கு அதிகம். வீட்டை மட்டும் சொல்லலை. கவுன்டர்ல நாங்களும் முதல்ல கேக்கறது "ஓடிபி ஏன் குடுத்தீங்க?"தானே! பணத்தை இழந்தவங்களைக் குற்றவாளிக் கூண்டுல ஏத்தினா அடுத்தவங்க எப்படி வாயைத் திறப்பாங்க?

ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில வகுத்த விதியைப் பாருங்க. தப்பு வாடிக்கையாளரோடதாவே இருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போற பணம் வங்கியோட நஷ்டம். வெள்ளிக்கிழமையே ஒரு போன் பண்ணியிருந்தா அந்த 18 ஆயிரம் அவங்க தலையில விழுந்திருக்காது. 1930-க்கும் உடனே சொல்லியிருந்தா, திருடன் எடுக்கறதுக்குள்ள மீதியையும் முடக்கப் பார்த்திருக்கலாம். அஞ்சு நாள் பயந்ததுல எல்லாம் போச்சு.

கஸ்டமர் கேர் நம்பரை வாங்கின கடையோட ஆப்புக்குள்ளயே தேடுங்க. யார் சொன்னாலும் புது ஆப் ஏத்தாதீங்க. பணம் வாங்க யுபிஐ பின் தேவையே இல்லை. இதெல்லாம் எல்லாரும் சொல்றதுதான்.

நான் கேக்கறது வேற. இன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுல சொல்லுங்க: "பணம் போச்சுன்னா அந்த நிமிஷமே என்கிட்ட சொல்லு. திட்ட மாட்டேன்."

சொன்னபடி நடந்தும் காட்டுங்க.