துறைமுகம் இருக்கிறது, பட்டறை எங்கே?

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி நான் முப்பது ஆண்டுகளாக எழுதி வருகிறேன். எண்ணெய்த் தாங்கிகள் யாருக்கு, சம்பூரில் அனல்மின் நிலையம் வேண்டுமா வேண்டாமா, அமெரிக்கக் கப்பல் ஏன் வந்தது, டில்லி என்ன நினைக்கிறது, பீஜிங் என்ன நினைக்கப் போகிறது என்றெல்லாம் நான் நிரப்பிய பத்திகளுக்குக் கணக்கில்லை. ஆனால், அந்தத் துறைமுகத்தின் கரையில் ஓர் உருக்குத் தண்டைச் சொன்ன அளவுக்குக் கடையத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு வரிகூட எழுதியதில்லை. கலைப்பட்டதாரியாகிய எனக்கு அந்தக் கேள்வி தோன்றவேயில்லை. தோன்றச் செய்தவன் என் தங்கையின் மகன்.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்தவன் அவன். பின்னர் வேறொரு மாவட்டத்திலுள்ள கல்லூரி ஒன்றில், துல்லியக் கடைசல் வேலையும் கணினிக் கட்டுப்பாட்டு இயந்திரங்களுக்கான நிரலாக்கமும் கற்பிக்கும் பாடநெறியை முடித்துச் சான்றிதழோடு வீடு வந்தான். வாழ்த்தப் போன என்னிடம் அவன் சொன்னது இதுதான்: “மாமா, புரோகிராம் எழுதுவன். ஆனா ஒருநாளும் இரும்பு வெட்டேல்லை.”

நம்ப முடியாமல் திரும்பவும் கேட்டேன். இயந்திரம் இருந்ததாம். பொலித்தீன் உறைக்குள் இருந்ததாம். விருந்தினர் வந்த நாளில் உறையைக் கழற்றி விளக்கை எரியவிட்டுக் காட்டினார்களாம். வெட்டும் அலகுகள் வாங்கப் பணமில்லை. தெரிந்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். மாணவர் கைபட்டுப் பழுதானால் யார் பொறுப்பு என்ற அச்சம் வேறு. ஆகவே மாணவர்கள் கட்டளைகளைக் கொப்பியில் எழுதினார்கள். கொப்பிக்கு மதிப்பெண் கிடைத்தது. நீச்சலைக் கரும்பலகையில் கற்பித்து, நீந்தத் தெரியும் என்று சான்றிதழ் கொடுத்துக் கடலில் தள்ளுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அவனிடமிருந்து பறிக்கப்பட்டது என்ன என்பதை அறிய, இத்தொழிலில் இருப்பவர்கள் சிலரிடம் சென்று கேட்டேன். இருபத்தைந்து மில்லிமீற்றர் துளை ஒன்றை எச் 7 என்ற தரத்தில் செய்யச் சொன்னால், அது 25.000 இலிருந்து 25.021 மில்லிமீற்றர் வரைக்குள் நிற்க வேண்டும். தலைமயிரின் தடிப்பு பொதுவாக இதைவிடப் பெரிது. பத்துச் சென்ரிமீற்றர் உருக்குத் துண்டு பத்துப் பாகை சூடேறினால், ஏறத்தாழ 0.012 மில்லிமீற்றர் நீண்டுவிடும். கடைந்த சூட்டோடு அளப்பவன் ஏமாறுவான். அலகு மழுங்கியதைக் காது முதலில் சொல்லும். சுருளாக வரும் சீவலின் நிறம் அடுத்துச் சொல்லும். இதில் எதைக் கொப்பி சொல்லும்?

நிரலும் அப்படித்தான். ஜி 00 என்றால் அலகு காற்றில் விரைந்து நகரும். ஜி 01 என்றால் வெட்டியபடி மெதுவாக நகரும். இரண்டையும் மாற்றி எழுதினால் அலகு முழு வேகத்தில் உருக்கின்மீது மோதும். பல கட்டுப்பாட்டுக் கருவிகளில் 10 என்று எழுதித் தசமப் புள்ளியை மறந்தால், இயந்திரம் அதைப் பத்து மில்லிமீற்றராகக் கொள்ளாது. ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்காகக் கொள்ளும். எங்கள் தொழிலில் எழுத்துப்பிழை விட்டால் மறுநாள் ‘வருந்துகிறோம்’ என்று ஒரு மூலையில் போட்டுவிடலாம். (அதையும் பல ஆசிரியர்கள் போடுவதில்லை என்பது வேறு கதை.) அங்கே அந்த வசதி கிடையாது.

அளவுப் பிழையின் விலை திருமலை அறியாததல்ல. 1944 ஆகஸ்ட் 8 அன்று, வேலியன்ற் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைத் தூக்கிக்கொண்டிருந்த மிதக்கும் கப்பல்தளம் இந்தத் துறைமுகத்தில் முறிந்து மூழ்கியது. தளத்தின் நீர்த்தொட்டிகளை வெறுமையாக்கிய முறையில் நேர்ந்த தவறு. பாரம் சமமாகப் பகிரப்படவில்லை. 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானியக் குண்டுகளுக்குத் தாக்குப்பிடித்த துறைமுகத்தில், ஒரு கணக்குப் பிழை அந்த வேலையைச் செய்து முடித்தது.

1957 ஒக்ரோபரில் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை ஒப்படைத்துவிட்டுச் சென்றனர். தளத்தை நம்பிப் பிழைத்த உள்ளூர்த் தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். கொடி இறங்கிய கதையை எழுதினோம். கொடியோடு சேர்ந்து நகரத்திலிருந்து இறங்கிப்போன கைத்திறனை யாரும் எழுதவில்லை.

இன்று நிலைமை என்ன? சீனக்குடாவில் பிறீமா மா ஆலை இருக்கிறது. ரோக்கியோ சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்குவதென்று உடன்படிக்கை எழுதின. எரிசக்தி மையம் என்பது குழாய், வால்வு, பம்பி, தாங்கி, தண்டு. இவை தேயும், உடையும், உடைந்ததைக் கடைந்து பொருத்த யாராவது வர வேண்டும். அவர்கள் எங்கிருந்து வருவார்கள் என்று அந்த உடன்படிக்கையைப் பற்றி எழுதிய எங்களில் எவரும் கேட்கவில்லை. கொட்டியாரக் குடாவில் மீன்பிடிக்கும் படகொன்றின் உந்துதண்டு தேய்ந்தால், உரிமையாளர் எத்தனை நாள் தொழிலிழக்கிறார் என்றும் கேட்கவில்லை.

“தொழிற்சாலை இல்லாத ஊரில் இதைப் படித்து என்ன பயன்?” என்று ஒரு நண்பர் கேட்டார். அவரும் பட்டதாரிதான். கோயம்புத்தூரைப் பார்க்கட்டும். அங்கே 1926இல் தொடங்கிய பீ.எஸ்.ஜி. அறக்கட்டளையின் தொழிற்கூடத்தில் உண்மையான உற்பத்தி நடந்தது. பிற்காலத்தில் அதன் அருகிலேயே பொறியியற் கல்லூரி எழுந்தது. மாணவர் படித்ததும் விற்பனைக்குரிய பொருள் உருவானதும் ஒரே வளாகத்தில். தொழிற்சாலை வரட்டும், பிறகு கற்கலாம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. அவ்வளவு தொலைவு போக வேண்டாம் என்றால், போரில் தரைமட்டமான கிளிநொச்சியில், அறிவியல்நகரில், 2016இல் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவகம் திறக்கப்பட்டது. கிளிநொச்சியில் முடிந்தது, உலகம் போற்றும் துறைமுகம் உள்ள ஊரில் ஏன் முடியாது?

உயர்தரத்தில் தவறியவன் போகும் இடம் பட்டறை என்பது நம் வீடுகளின் எழுதாச் சட்டம். பெண்பிள்ளை என்றால் பேச்சே இல்லை. முக்கோண கணிதமும் உலோகங்களின் இயல்பும் வரைபட வாசிப்பும் வேண்டிய ஒரு தொழிலை இப்படி ஒதுக்கியவர்கள், என்னைப் போன்ற கலைப்பட்டதாரிக்கு மட்டும் எழுந்து நின்று நாற்காலி தருகிறார்கள். எனக்கு அது இப்போது கூச்சமாக இருக்கிறது.

கனடாவிலும் ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் இதே இயந்திரங்களின் முன் இரவுபகலாக நின்று பழகிய நம்மவர்கள் இதைப் படிக்கக்கூடும். ஊர்க் கோபுரத் திருப்பணிக்கு நீங்கள் அனுப்பும் பணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரும்போது இரண்டு வாரம் எங்கள் பிள்ளைகளின் பக்கத்தில் நில்லுங்கள். உங்கள் கையிலிருப்பது எந்தக் கல்லூரியின் கொப்பியிலும் இல்லை. கல்வி அதிகாரிகளிடம் கேட்பதும் பெரிதல்ல. ஒவ்வொரு மாணவரும் எத்தனை மணி நேரம் உலோகம் வெட்டினார் என்பதைச் சான்றிதழில் அச்சிடுங்கள். பூச்சியம் என்றால் பூச்சியம் என்றே போடுங்கள்.

மருமகன் இப்போது நகரத்தில் வயதான ஒருவரின் லேத் பட்டறையில் நிற்கிறான். கணினி இல்லாத, கையால் திருகும் பழைய இயந்திரம். முதற் கிழமை அவன் கடைந்த படகுப் புஷ் இரண்டும் பழுது; சூட்டோடு அளந்திருக்கிறான். மூன்றாவதைக் கிண்ணியாவிலிருந்து வந்த படகுக்காரர் விரலை விட்டுச் சுழற்றிப் பார்த்துவிட்டுக் காசை எண்ணிக் கொடுத்தாராம்.