எங்கள் படத்தின் முகவரி யார் பேரில் இருக்கிறது?

"எவ்வளவு போச்சு?" பார்க்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். தொகையைச் சொன்னதும் அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. "அவ்வளவுதானா? விடுங்க, அடுத்த படத்தைப் பாருங்க" என்கிறார்கள். சினிமா எடுத்தவன் கோடியில் ஏமாந்தால்தான் ஏமாற்றமா? ஆயிரங்களில் பறிகொடுத்தால் வலிக்கக் கூடாதா?

அந்தப் பணம் யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில் இருந்துகொண்டு கொழுந்து கிள்ளும் பெண்கள் சீட்டு எடுத்துக் கொடுத்த பணம் அது. விடியும் முன்னே ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள் சனிக்கிழமைச் சம்பளத்தில் பிரித்துத் தந்தது. பாலக்காட்டில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் படிக்கும் பிள்ளைகள் டீக்காசில் சேர்த்தது. "நம்ம படம்டா" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள். அதைத்தான் ஒருவன் ஏப்பம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

படம் எங்கள் அம்மாக்களின் கதை. சாகும்வரை உழைத்தாலும் லயத்து வீடு அவர்களுடையது இல்லை. வேலையிலிருந்து நின்றால் வீட்டை ஒழித்துக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2015 செப்டம்பரில், தினக்கூலி 232 ரூபாயாக இருந்தபோது, பொம்பிளை ஒருமை என்று பெண்களாகவே ஒன்றுசேர்ந்து மூணாறு ரோட்டில் போராட உட்கார்ந்தவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது, 70 உயிர். கயத்தாற்றிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் கூண்டோடு போயின. இதையெல்லாம் எங்கள் ஆட்களே எங்கள் பேச்சில் சொல்ல வேண்டும் என்று எடுத்த படம். நடித்தவர்களில் ஒருவர்கூட நடிகர் இல்லை.

இதே மலையைக் காட்டிய 'மேற்குத் தொடர்ச்சி மலை' 2018இல் வந்தது. அதற்குத் தயாரிப்பாளராக விஜய் சேதுபதி இருந்தார், இசைக்கு இளையராஜா இருந்தார். எங்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? 'அம்ம அறியான்' என்ற மலையாளப் படத்தை எடுக்க இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா திரைப்படக் குழுத் தோழர்களும் ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டினார்கள் அல்லவா, 1986இல் அந்தப் படம் வந்தது அல்லவா, பாலக்காட்டுப் பெரிங்ஙோட்டுக்காரர் சுதேவன் சொற்பக் காசில் எடுத்த 'சி.ஆர். நம்பர் 89' 2013க்கான கேரள அரசின் சிறந்த பட விருதை வாங்கியது அல்லவா, அந்தத் தைரியம்தான் எங்களுக்கு. ஆனால் இன்றைக்கு எந்தத் திரைப்பட விழாவுக்குப் பேசினாலும், எந்த ஃபிலிம் சொசைட்டியைக் கேட்டாலும், முதல் வார்த்தை "லிங்க் அனுப்புங்க". தியேட்டர் கிடைக்காத படத்துக்கு வெப்சைட்தான் தியேட்டர் வாசல். அதற்காகத்தான் கோயம்புத்தூரில் அந்த வெப் டிசைனரைப் பிடித்தோம்.

"பண்ணிர்லாம்ங்ணா, நம்ம படம் மாதிரிங்ணா" என்றான். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டான். நன்றாகத்தான் செய்தான், இல்லை என்று சொல்லவில்லை. டிரெய்லர் போட்டான், காசு கொடுத்த அத்தனை பேரின் பெயரையும் ஒரு பக்கத்தில் வரிசையாகப் போட்டான். வருகைப் பதிவேட்டையும் ரேஷன் கார்டையும் தவிர வேறெங்கும் தங்கள் பெயர் அச்சாகிப் பார்த்திராத பெண்கள், பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள். இலங்கையில் ஹட்டன் பக்கமிருந்து ஒருவர், எங்கள் லயமும் இப்படித்தான் இருக்கிறது, இங்கே திரையிட வேண்டும் என்று அந்த சைட் வழியாக எழுதியிருந்தார்.

பிறகு டொமைனையும், அதாவது வெப்சைட்டின் முகவரியையும், ஹோஸ்டிங் பாஸ்வேர்டையும் எங்களிடம் மாற்றிக் கொடு என்று கேட்டோம். அன்றோடு அவன் பேச்சு மாறிவிட்டது. அதற்குத் தனியாகக் காசு வேண்டும் என்றான். கேட்டது நாங்கள் ஏற்கெனவே கொடுத்ததைவிட அதிகம். இல்லை என்றதும் போனை எடுப்பதை நிறுத்தினான். அப்புறம்தான் தெரிந்தது, டொமைனைத் தன் பேரில் பதிந்து வைத்திருக்கிறான்.

டொமைன் காலாவதியாகும் முன்பு, சுமார் ஒரு மாதம் இருக்கும்போதும் ஒரு வாரம் இருக்கும்போதும், பதிவு செய்தவருக்கு எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது விதி. அதெல்லாம் அவன் மெயிலுக்குத்தான் போயிருக்கும். காலாவதியாகிப் பதிவு நீக்கப்பட்ட பிறகும் மீட்க 30 நாள் தவணை உண்டு, அதுவும் பதிந்தவனுக்குத்தான். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் கட்டினால் முடிந்திருக்கும். கட்டினானா? "அண்ணா, முடியப்போகுது, நீங்களே கட்டிக்கோங்க" என்று ஒரு வார்த்தை சொன்னானா? வேண்டுமென்றே சாக விட்டான். கைவிடப்பட்ட முகவரிகளைக் காத்திருந்து கொத்திக்கொண்டு போக ஆட்கள் இருக்கிறார்கள். கொத்திக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அந்த முகவரியைத் திறந்தால் சூதாட்டம். சீட்டுக்கட்டு, கொட்டுகிற ரூபாய் நோட்டு, அரைகுறை உடையில் ஒரு பெண். படத்தில் அம்மாவாக நடித்த அக்காவுக்கு அவர் பேரன்தான் போனில் அதைக் காட்டியிருக்கிறான். "என் மொகம் எங்கய்யா?" என்று என்னைக் கேட்டார். நான் என்ன பதில் சொல்வேன்? லயத்தில் பேச்சு பரவிவிட்டது. படம் எடுக்கிறேன் என்று சொல்லி ரம்மிக்கு ஆள் பிடிக்கிறானாம். தலைமுறை தலைமுறையாய் என் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இப்போது என்னைப் பார்த்தால் கதவைச் சாத்துகிறார்கள். அந்த அக்கா என்னோடு பேசுவதே இல்லை.

லயத்தில் எங்கள் வீடு கம்பெனி பேரில். இதைச் சொல்ல எடுத்த படத்தின் முகவரி இன்னொருத்தன் பேரில். எங்கள் பேரில் எப்போது எதைத்தான் எழுதப் போகிறீர்கள்?

புகார் கொடுக்கப் போனேன். இந்தப் பக்கத்து ஸ்டேஷனில், ஆள் தமிழ்நாட்டில் இருக்கிறான், அங்கே போ என்றார்கள். அந்தப் பக்கம் போனால், பணம் கொடுத்தது கேரளாவில், அங்கேயே கொடு என்றார்கள். 1956 நவம்பர் 1 அன்று மூணாறு இருக்கும் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தில் வைத்துக் கோடு போட்டார்கள். அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் எங்களைத் தள்ளிவிட ஆள் இருக்கிறது, தாங்கிக்கொள்ள ஆள் இல்லை. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் தகவல் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறதே, அது யாருக்காக எழுதிய சட்டம்? அதைக் காட்டிக் கேட்டபோது, "இது சிவில் ஆணு" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். பணத்தை வாங்கி, எங்கள் பொருளைத் தன் பேரில் எழுதி, பிணையாக வைத்து மேலும் பணம் கேட்டதில் எது சிவில்?

"எழுதி வாங்கினீங்களா?" படித்தவர்கள் கேட்கும் கேள்வி இது. கொடுத்தவனை நிறுத்தி வைத்துக் கேட்கிறார்களே தவிர, எடுத்தவனைக் கேட்க ஒரு வாய் இல்லை. நம்பிக் கொடுத்தது எப்போதிலிருந்து குற்றமாயிற்று?

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவும் எங்கேயோ கூலிக்குப் போனவர்தான், நீயே சொல்லியிருக்கிறாய். அந்தப் பெயர்ப் பட்டியலை நீதானே உன் கையால் தட்டினாய்? ஒவ்வொரு பெயராகத் தட்டும்போது உனக்கு ஒன்றுமே தோன்றவில்லையா? பணத்தை வைத்துக்கொள். படம் கேட்டு வந்த கடிதங்கள் உன்னிடம்தான் இருக்கின்றன. அவற்றையாவது கொடு. ஹட்டன்காரருக்கு நான் பதில் எழுத வேண்டும்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குமுளியிலோ மறையூரிலோ வேலந்தாவளத்திலோ கோவிந்தாபுரத்திலோ எங்கள் போஸ்டர் சுவரில் இன்னும் ஒட்டியிருக்கலாம். தேயிலைக்கூடை சுமந்த ஒரு பெண்ணின் முகமும், கீழே ஒரு கியூஆர் கோடும் இருக்கும். அந்தக் கோடை ஸ்கேன் செய்யாதீர்கள். அந்த இடத்தை மட்டும் கிழித்துவிடுங்கள். அந்த அக்காவின் முகத்தை விட்டுவிடுங்கள்.