முன்சீபின் விசுவாசம்

எங்கள் வலங்கைமானுக்குக் கிழக்கே, மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) கத்தோலிக்கர். ஆனால் 1879இல் வெளிவந்த அவரது ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தின் நாயகன் கிறிஸ்தவனல்லன், கீர்த்தனைகளும் சர்வ சமயத்தாருக்கும் பொது. விசுவாசத்தை நீர்த்துப்போகச் செய்துவிட்டாரோ என்று நண்பர்கள் சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேவமாதாவுக்கு அந்தாதி பாடியவர் அவர். அந்தப் பக்தியின் அன்றாட வாசம் கச்சேரி மேசையில் இருந்தது. ஆங்கிலம் அறியாதோருக்காகத் தீர்ப்புகளைச் ‘சித்தாந்த சங்கிரக’மாகத் தமிழாக்கினார். கைக்கூலி வாங்குவோரை ‘நீதிநூ’லில் செய்யுளாகவே கண்டித்தார் (உடன் பணியாற்றியோர் எப்படிச் சகித்தனரோ!). தாதுவருஷப் பஞ்சத்தில் தம் பொருளைப் பசித்தவர்க்குக் கஞ்சி வார்க்கச் செலவிட்டார். அதைப் போற்றிக் கீர்த்தனை பாடியவர், நந்தனார் சரித்திரம் தந்த சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார்.