கடற்காகக் கணக்கு

வங்கியில் வேலை பார்த்தவனுக்குக் கூட்டு வட்டி என்றாலே காது கூர்மையாகிவிடும். 13 சதவீத வட்டிக்குப் போட்ட பணம் ஆறு வருஷத்துக்குள் இரட்டிப்பாகும். அதே வேகத்தில் ஒரு தீவில் பறவைகள் பெருகிய கதையைப் படித்தேன். மனதை விட்டு அகலவில்லை.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கிறது மே தீவு. நீளம் இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஹெர்ரிங் கல் என்னும் பெரிய கடற்காகம் அங்கே முதன்முதலில் கூடு கட்டியது 1907-இல். பிறகு ஆண்டுக்குச் சுமார் 13 சதவீதம் பெருகி, 1970-களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 15,000 ஜோடிகள் ஆகிவிட்டன.

இத்தனைக்கும் இந்தப் பறவை நாலைந்து வயதில்தான் முட்டையிடத் தொடங்கும். அதுவும் ஒரு பருவத்துக்கு மூன்று முட்டைதான். ஆனால் வளர்ந்த பறவை எளிதில் சாவதில்லை. இருபது வயதைத் தாண்டுவதும் உண்டு. ஒரு காலத்தில் முட்டைக்கும் இறகுக்கும் மனிதர்கள் கடற்பறவைகளைச் சூறையாடினார்கள். 1869-இல் பிரிட்டனில் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அது மெல்ல ஓய்ந்தது. கூடவே, மீன்பிடிப் படகுகள் கொட்டிய கழிவும் நகரத்துக் குப்பைமேடும் அவற்றுக்கு வருஷம் முழுக்கப் பந்தி விரித்தன.

தீவில் இடநெருக்கடி வந்தது. அங்கே கூடு கட்டிவந்த ஆலாக்கள் வெளியேறின. 1972-இல் கடற்காகங்களைக் கொல்லத் தொடங்கினார்கள். மயக்க மருந்து சேர்த்த ரொட்டியைக் கூடுகளில் வைத்தார்கள். சில ஆண்டுகளில் பல்லாயிரம் பறவைகள் செத்தன. மிஞ்சியவை என்ன செய்தன தெரியுமா? முன்னைவிட இளவயதிலேயே முட்டையிட்டன. முட்டையும் பெரிதாக இருந்தது!

ஆலாக்களுக்கு இடம் வேண்டும் என்று நினைத்ததை நான் குறை சொல்லவில்லை. பின்னால் அவை திரும்பியும் வந்தன. என் வருத்தம் வேறு. இதே கடற்காகம் பிரிட்டன் முழுவதும் பாதிக்கு மேல் குறைந்துபோய், 2009-இல் அங்குள்ள அபாயப் பறவைகளின் சிவப்புப் பட்டியலில் ஏறிவிட்டது. ஒரு தலைமுறை தொல்லை என்று கொன்றதை, அடுத்த தலைமுறை ஐயோ அழிகிறதே என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

பேரேட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்துக் கணக்கு முடிப்பவன் கட்டாயம் மாட்டிக்கொள்வான். தீவில் எத்தனை கூடு என்பது ஒரு பக்கம். கரையில் நாம் எவ்வளவு கொட்டுகிறோம் என்பது மறுபக்கம். ஒரு பறவை கண்மண் தெரியாமல் பெருகினால், கொல்லக் கை ஓங்குவதற்கு முன் அதற்குச் சோறு போடுவது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் நாமாகத்தான் இருப்போம். இலையை எடுத்தால் பந்தி தானே கலையும். அடித்து விரட்டி, பிறகு தேடி அலைய வேண்டியதில்லை.